மதகுக்குக் கீழே அப்பா எடுத்த பங்கு

நேற்றுக் காலை ஏழு மணி வாக்கில், செங்கல்பட்டு ரயில் நிலையத்தில் வேலைக்குப் போக நின்றிருந்தபோது அம்மா போன் செய்தாள். "பவானி, உங்கப்பா கயனி வரப்பாண்ட வுழுந்து கெடந்தாரு. போய்ட்டாரு." அவ்வளவுதான் சொன்னாள். மின்சார ரயில் வந்து நின்று போனது. நான் வெளியே வந்து அச்சரப்பாக்கம் பஸ் ஏறினேன்.

என் அப்பா சிங்காரம் தன் வாழ்நாளில் பாதியை ஒரே ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டே கழித்தார். அவருடைய சொந்த அண்ணன், என் பெரியப்பா சதாசிவம்தான் அவர்.

எங்கள் ஊரில் நிலம் பிரிக்க ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் பங்கு போட வேண்டும். இளையவர் முதலில் எடுக்க வேண்டும். தாத்தா இறந்ததும் பெரியப்பா நிலத்தை இரண்டாகப் பிரித்தார். ஏரி மதகுக்குக் கீழே இரண்டு போகம் விளையும் வயல் ஒன்று. ரோட்டோரம் வேர்க்கடலை தவிர வேறொன்றும் வராத மேட்டு நிலம் இன்னொன்று. அப்பா யோசிக்கவே இல்லை, வயலை எடுத்தார். பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்ததை அப்பா அம்மாவிடம் நடித்துக் காட்டிச் சிரிப்பாராம்.

பிறகு மனை போடுகிறவர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மதகு எதற்கு? ரோடுதான் வேண்டும். மேட்டு நிலத்தில் மஞ்சள் கற்கள் முளைத்தன. பெரியப்பா செங்கல்பட்டில் மாடி வீடு கட்டினார், கார் வாங்கினார். அப்பா அந்தக் காரின் நிறத்தைக்கூட மன்னிக்கவில்லை.

"வெள்ள வாங்குனா அயுக்காவும்னு கூடவா தெரியாது?"

"உனுக்கு இன்னா, நீயா தொடைக்கப் போற?" என்பாள் அம்மா.

அப்பாவும் விற்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் மனைகளுக்கு நடுவே வந்த ரோடு எங்கள் வயலுக்கு முன்னால் ஒரு மதிலில் முடிந்துவிட்டது. வண்டி போக வழியில்லாத வயலை எவரும் விலைக்குக் கேட்கவில்லை. விற்கும்போதே பெரியப்பா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரோடு நீண்டிருக்கும். அவர் சொல்லவில்லை.

ஆனால் கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் வருஷம் தவறாமல் வருவார். காரை மதிலோரம் நிறுத்திவிட்டு, மதிலுக்கும் வாய்க்காலுக்கும் இடையிலிருந்த சந்தில் நுழைந்து எங்கள் வரப்பில் வந்து நிற்பார். இந்த வருஷம் அவர் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"இன்னா அண்ணாத்த, ஏசி ஒத்துக்கலியா? காத்து வாங்க வந்துகினு கீற?"

"பயிரு நல்லா கீதுடா."

"நல்லா கீதுல்ல? வழி வுடு. வித்துட்டு நானும் வெள்ள சொக்கா போட்டுகினு எவன் பயிரையாவது வேடிக்க பாக்குறேன்."

பெரியப்பா ஒரு கதிரை உருவி வாயில் போட்டு மென்றார். "நீ பொறுக்கி எடுத்த பங்குடா இது. நல்லா அனுபவி."

அன்று அப்பா வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம், "இத்தினி வருசமா அவனுக்கும் வவுறு எரிஞ்சிகினுதான் கீது" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. எதையோ ஜெயித்துவிட்டவர்போல இருந்தார். இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அந்த ஜெயிப்பு வெகுநாள் நீடிக்கவில்லை. போன வாரம் இரண்டு கல்கால்களும் முள்கம்பியும் வாங்கிவந்தார். "வழி வுடாதவனுக்கு நான் இன்னாத்துக்கு வழி வுடணும்?" என்று அந்தச் சந்தை அடைக்க ஆரம்பித்தார். நேற்று விடியற்காலை கடப்பாரையோடு போனவர் அங்கேதான் விழுந்திருந்தார்.

பெரியப்பா மதியம் வந்தார். ஊர்த் தெரு வழியாக வரவில்லை. அந்தச் சந்தில் நுழைந்து, வரப்பில் வழுக்கி வயலில் இறங்கி நடந்து, முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்குள் வந்தார். அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு என்னைவிடச் சத்தமாக அழுதார். அதைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. எழுந்து போகும்போது அம்மாவிடம், "தண்ணி கட்ற வேலய நான் பாக்கட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாம் மாமா," என்றாள் அம்மா.

இன்று சாயங்காலம் வயல் பக்கம் போய்ப் பார்த்தேன். ஒரு கல்கால் நிற்கிறது. மற்றொன்று, பாதி தோண்டிய குழிக்குப் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது. முள்கம்பிச் சுருளை இன்னும் பிரிக்கவில்லை.