கை கட்டி நின்ற வரவேற்புரை

கடந்த சனிக்கிழமை, நமுனுகுலப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், நாலரை வயதுச் சிறுமி ஒருத்தி என்னைத் தோற்கடித்தாள். விவாத மேடைகளில் என்னிடம் தோற்றவர்கள் இதை வாசித்தால் மகிழ்வார்கள். மகிழட்டும்!

அந்தத் தோட்டத்து முன்பள்ளிக்கு ஆண்டு விழா. வரவேற்புரை நிகழ்த்தவிருந்தவள் தனுஷிகா. அவளைப் பயிற்றுவிக்க, விழாக் குழு பதுளையிலிருந்து என்னை அழைத்திருந்தது. வேறு யாரை அழைப்பார்கள்?

தனுஷிகாவுக்குப் பேச்சு தாமதமாகவே வந்தது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் அவளுக்கு 'ஊமக்குட்டி' என்றே பெயர். அந்தப் பெயரை அழித்துவிட வேண்டும் என்பதற்காகவே அவளுடைய தாய் செல்வராணி குழுவிடம் மன்றாடி இந்த வாய்ப்பை வாங்கியிருந்தார்.

"எம் புள்ள பேசும்னு லயம் பூரா சொல்லிட்டேங்க தம்பி. விழா அன்னைக்குக் கொழுந்து பறிக்கப் போகாம எல்லாரையும் கூட்டிக்கிட்டு வாரேன். மானத்தக் காப்பாத்திக் குடுங்க."

தனுஷிகாவைப் பேச வைத்தவர் முன்பள்ளியின் ஸ்டெல்லா டீச்சர். அவரது வகுப்பைப் பார்த்தேன் – எனக்கு வியர்த்துவிட்டது! பதினைந்து பிள்ளைகள் பாட்டுப் பாடித் துள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு குதி, ஒரு தட்டு. பாட்டு முடிந்ததும் டீச்சர் ஒரு பிள்ளையைக் கைகாட்டுவார். அந்தப் பிள்ளை மனதில் உள்ளதை ஒரு வரியில் சொல்ல வேண்டும்.

"எங்கூட்டு நாயி குட்டி போட்ருச்சு!" என்றது ஒன்று.

இது பேச்சா? இதில் எடுப்பு எங்கே? தொடுப்பு எங்கே? முடிப்பு எங்கே?

நான் பன்னிரண்டு வரிகள் எழுதிக் கொடுத்தேன். 'மலைமுகட்டில் மணக்கும் மாண்புமிகு மன்றத்தோரே!' என்று தொடக்கம். பாதங்கள் சேர்ந்திருக்க வேண்டும், கைகள் பின்னால், பார்வை கடைசி வரிசையில்.

டீச்சர் தாளைப் புரட்டிப் பார்த்தார். "கை காலக் கட்டுனா வாயும் நின்னுரும் தம்பி. அதோட, இந்த 'மாண்புமிகு'ன்னா என்னான்னு புள்ளைக்கு எப்புடித் தெரியும்?"

"தெரியாததாலதான் டீச்சர் அதுக்கு மரியாதை" என்றேன்.

மூன்று நாள் பயிற்சியில் தனுஷிகா பன்னிரண்டு வரிகளையும் ஒப்பித்தாள் – ஒவ்வொரு வரியும் முந்தையதைவிட மெல்லிய குரலில். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

விழா நாள். வரவேற்புரைக்கு முன்பே மூன்று பிரமுகர்கள் பேசிவிட்டார்கள். அவசரமாகப் போக வேண்டுமாம்... ஆளுக்கு அரை மணி நேரம் அவசரப்பட்டார்கள்.

பிறகு தனுஷிகா மைக் முன் வந்தாள். பாதங்கள் சேர்ந்திருந்தன. கைகள் பின்னால். பார்வை கடைசி வரிசையில். நான் கற்பித்ததில் ஒன்றுகூடக் குறையவில்லை – பேச்சைத் தவிர.

கீழிருந்து வாயசைத்துக் காட்டினேன். ம்ஹூம். மண்டபத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேன்ல, செல்வராணி? புள்ளைய ஏன்டி இப்புடி நிக்க வச்சு..." என்றாள் பக்கத்து லயத்துக்காரி ஒருத்தி. செல்வராணி தலை குனிந்து, முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

அப்போது மேடையோரத்தில் ஸ்டெல்லா டீச்சர் குதிக்கத் தொடங்கினார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி, பட்டுச் சேலையில், பிரமுகர்கள் முன்னிலையில்!

ஓரக்கண்ணால் பார்த்த தனுஷிகாவின் கைகள் பின்னாலிருந்து விடுபட்டன. அவளும் குதித்தாள்.

"ரெண்டு எல கிள்ளு கிள்ளு!
தோளுக்கு மேல தள்ளு தள்ளு!
கூடை நெறஞ்சா சொல்லு சொல்லு!"

டீச்சர் அவளைக் கைகாட்டினார். அவளது முறை.

"அந்தா எங்கம்மா! செவப்புச் சேல! மொகத்த மறைக்குது!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. செல்வராணி முகத்திலிருந்து முந்தானையை எடுத்தார். எழுந்து நின்று, பக்கத்து லயத்துக்காரியைத் திரும்பிப் பார்த்தார். சொல்ல வேண்டியதை மகள் சொல்லிவிட்டாளே!

"அப்ப வரவேற்புரை எங்க தம்பி?" என்று என் காதருகே கேட்டார் குழுத் தலைவர். எத்தனையோ நடுவர்களின் கேள்விகளுக்கு நொடியில் பதில் சொன்னவன் நான். அன்று மேடையைக் கைகாட்டியதோடு சரி.

ஒன்று மட்டும் விளங்கியது. சொல்வதற்கு ஏதேனும் இருந்தால்தான் பிள்ளைகள் வாய் திறக்கிறார்கள். அந்த நிபந்தனை மேடைப் பேச்சாளர்களாகிய எங்களுக்கு இல்லை.

விழா முடிந்து பஸ்ஸுக்கு நடந்தேன். செல்வராணி எதிர்ப்பட்டார். அவர் இடுப்பிலிருந்த தனுஷிகா பலூன், கேக், டீச்சரின் செருப்பு என்று நிறுத்தாமல் பேசிக்கொண்டிருந்தாள்.

"வாய மூடவே மாட்டேங்குறா தம்பி" என்று சிரித்தார் செல்வராணி. "நீங்க எழுதிக் குடுத்தீங்களே ஒரு தாளு... அத இன்னொருக்கா குடுங்களேன்!"