ஐந்தருவியில் பூமி நாலு அங்குலம் வீங்கிய கதை

தென்காசியில் அடுக்குப் பானைகள் தானாக உருளத் தொடங்கிய நாலாம் நாள் எங்கள் சர்வே ஆபீசில் ஒரே களேபரம். சின்னச் சின்னதாகத் தொடர் நில அதிர்ச்சி. அறுபதுகளின் தொடக்கம் அது. கடலடி எரிமலை பற்றி வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் படித்திருந்த எங்கள் ஆபீசருக்குத் தலைகால் புரியவில்லை. அதிர்ச்சி வரிசையாக வந்தால் அடியில் நெருப்புக் குழம்பு ஏறுகிறது, குழம்பு ஏறினால் தரை வீங்கும் என்பது அவர் சித்தாந்தம். வீக்கத்தை அளக்க என்னை அனுப்பினார்.

உயரம் குறித்த பெஞ்ச் மார்க் கற்களின் மேல் ஸ்டாஃப் என்னும் அளவுக்கோலை நிறுத்தி, லெவல் கருவியில் பார்த்தேன். ஆய்க்குடிக் கல்லும் கடையத்துக் கல்லும் பழைய உயரத்திலேயே இருந்தன. ஐந்தருவிக் கல் மட்டும் நாலு அங்குலம் ஏறியிருந்தது. கூட்டம் சேருமுன் அளந்துவிட்டுத் திரும்பும் அவசரம். கல்லைக் குனிந்து பார்க்கவில்லை.

ஆபீசர் துள்ளினார். "பார்த்தீரா ஓய்! கீழே எரிமலை மூச்சு விடுது!"

அந்த ஒற்றைக் கல்லை நடுவில் வைத்து மேப்பில் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டார்.

"மத்த ரெண்டு கல்லும் அசையலையே சார்?"

"அது வட்டத்துக்கு வெளியே இருக்கு."

வட்டம் போட்டவரே அவர்தான். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். நல்ல சீசனில் ஐந்தருவிக் கடைகளைக் காலி செய்ய உத்தரவு வந்தது.

நோட்டீஸோடு நான் போனபோது, குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் சுடலைமுத்து அண்ணாச்சி, ஒருவரை அந்தக் கல்லின் மேலேயே உட்காரவைத்து முதுகைப் பிசைந்துகொண்டிருந்தார். இப்போதுதான் கல்லைக் குனிந்து பார்த்தேன்.

"அண்ணாச்சி, இந்தக் கல்லை அசைச்சீங்களா?"

"நாந்தான் சார் நெம்பி, அடியில கல்லு குடுத்து ஒசத்தினேன். தண்ணி ஓடி வேட்டி நனையுதுன்னு வாரவன்லாம் எந்திச்சுப் போயிருதான். இந்த ரெண்டு மாசம் தேச்சாத்தான் எம் பிள்ளையளுக்கு வருசம் பூரா கஞ்சி. இப்பம் காலி பண்ணச் சொல்லுதீயளே, நியாயமா?"

கல்லைப் பழையபடி இறக்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் ஆபீசரிடம் சொன்னேன். அவர் மேப்பிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"ரிப்போர்ட் மேலே போயாச்சு. இப்போ உண்மையை எழுதினா, அளந்த உமக்குத்தான் மெமோ வரும். கல்லு இறங்கிடுச்சில்ல? போய் அளந்துட்டு வாரும்."

அளந்தேன். நாலு அங்குலம் இறங்கியிருந்தது. குழம்பு அடங்கியது, அபாயம் நீங்கியது என்று இரண்டாவது ரிப்போர்ட் போனது. அதை மெச்சி ஆபீசருக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். கடைகளைத் திறக்கலாம் என்ற உத்தரவு வந்து சேர்ந்தபோது சீசன் முடிந்து அருவி வற்றியிருந்தது. அண்ணாச்சி கடையத்தில் மூட்டை தூக்கப் போய்விட்டார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, பூமிக்கடியில் என்ன நடக்கிறது என்று கணக்குப் போடுமுன், கல்லின் மேல் உட்கார்ந்திருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆபீசரை இவ்வளவு கேலி செய்கிறேனே, இரண்டு ரிப்போர்ட்டிலும் 'அளந்தவர்' என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து.