வயலில் பாட்டு கூடாது

என் பெரியம்மா ரெங்கம்மாளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் வாயைத் திறந்தால் கேள்விதான். கொக்கு ஏன் ஒற்றைக் காலில் நிற்கிறது? ஆடியில் வரும் புதுத் தண்ணீர் ஏன் சிவந்து கிடக்கிறது? காலையில் வாசிக்கிற நாகசுரமும் ராத்திரி வாசிக்கிற நாகசுரமும் மனசில் ஏன் வேறு வேறாக இறங்குகின்றன? திருவாரூர்க் கோயில் விதானத்தில் படம் எழுதியவன் மல்லாந்து படுத்தா எழுதினான்? இப்படி ஒருத்தி இருந்தால் அந்த வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும் என்று என் அம்மா சிரிப்பாள்.

நன்னிலத்துக்குப் பக்கத்தில் எங்கள் தெரு. தெரு முழுக்க ஒரே மிராசுதாரின் பண்ணையில் வேலை பார்த்தது. நடவென்றால் பாட்டு உண்டு. ஒருத்தி முன்னே பாடுவாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். முன்பாட்டு பெரியம்மாவுடையது. மற்ற ஊர்களில் சாமியையும் மாமனையும் பாடிக்கொண்டிருந்த இடத்தில் இவள் கேள்வியைக் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் வருகிறவள் பதிலோடு வரவேண்டும். அதையும் பாட்டாகத்தான் சொல்லவேண்டும்.

பெண்கள் விட்டார்களா? கம்பவுண்டரைக் கேட்டார்கள், தபால்காரரைக் கேட்டார்கள், கோயில் வாசலில் காத்துக் கிடந்து ஓதுவாரைக் கேட்டார்கள். புடவை விற்க வரும் ரஹ்மத் பீவி நாகூரிலிருந்து கடல் சமாசாரம் கொண்டுவந்தாள். பதில் கிடைக்காத கேள்விக்கு 'வாய்தா' போட்டுவிடுவார்கள். நான் அப்போதுதான் நடவுக்குப் போகத் தொடங்கியிருந்தேன். முதுகை ஒடிக்கிற வேலை. ஆனாலும் விடிந்ததும் வயலுக்கு ஓடுவேன். இன்றைக்கு என்ன பதில் வரும் என்கிற ஆசைதான். நான் படித்த படிப்பெல்லாம் அங்கேதான்.

ஒருநாள் பெரியம்மா இப்படிப் பாடினாள்:

வாய்க்கா வழியா தண்ணி வருது
வாய்க்கா வெட்டுன கை யாரு?

மறுநாள் ஒவ்வொருத்தியும் ஒரு பெயரோடு வந்தாள். என் பாட்டன் வீரன், என் மாமனார் தங்கையன் என்று வரிசையாகப் பாடினார்கள். அந்தப் பெயர்களை அதற்கு முன்னால் யாரும் சத்தம் போட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. குடை பிடித்துக்கொண்டு நின்ற மிராசுதார் முகம் சுண்டிப்போய்த் திரும்பி நடந்தார்.

தி.மு.க. ஆட்சிக்கு வந்த புதிது அது. ஊருக்கு ஊர் கூலிப் போராட்டம். எங்கள் தெருவும் நடவை நிறுத்தியது. சங்கத் தலைவர் என் பெரியப்பா மருதையன். நல்ல மனுஷன், தெருவுக்காக ஜெயிலுக்குப் போனவர். கஞ்சிக்கே வழியில்லாமல் தெரு தாக்குப்பிடித்தது. கடைசியில் தாசில்தார் முன்னிலையில் பேச்சுவார்த்தை. கூலியில் அரை லிட்டர் நெல் கூட்டித் தருகிறேன், ஆனால் இனி வயலில் பாட்டு கூடாது என்றார் மிராசுதார். பெரியப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார்.

கையில் காராசேவுப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார்.

"செயிச்சிட்டோம் ரெங்கம்மா! பாட்டு மட்டும் கூடாதாம். போவுது கழுத."

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"பாட்டுதான புள்ள? வீட்டுல வந்து பாடிக்க. யாரு வேணாங்குறா?"

"வீட்டுல யாரு இருக்கா, எனக்குப் பதில் கொண்டார?"

பெரியப்பாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம். அவருக்கு டீக்கடை இருந்தது, படிப்பகம் இருந்தது. ஒருவர் பேப்பர் படிக்க, சுற்றி உட்கார்ந்து வாதாட ஆட்கள் இருந்தார்கள். பெண்களுக்கு இருந்தது அந்த வயல் ஒன்றுதான். சாயங்காலம் கொஞ்ச நேரம் எங்களுக்கும் விடுங்கள் என்று பெரியம்மா படிப்பகத்துக்கே போய்க் கேட்டாள். "நீங்க உக்காந்தா ஆம்பளைங்க எங்க உக்கார்றது?" என்று அதைப் பார்த்துக்கொண்ட செல்லதுரை சிரித்தார். சரி, அந்த அரை லிட்டர் நெல்லை வேண்டாம் என்று சொல்லத்தான் அவளுக்கு வாய் வருமா? பிள்ளைகள் பசியில் சுருண்டு கிடந்ததை அவளும் பார்த்தவள்தானே.

பண்ணைக் காரியக்காரர் வரப்பில் காவல் நின்றார். யாராவது முனகினாலும் கரையேற்றிவிட்டார்; அன்றைய கூலி போயிற்று. முதலில் கொஞ்ச நாள் பெண்கள் பதிலைத் தேடி வைத்துக்கொண்டு வாய்க்குள்ளேயே முழுங்கினார்கள். அப்புறம் தேடுவதை விட்டார்கள். அதற்கப்புறம் கேள்வியே வரவில்லை. சேற்றில் கால் மாற்றுகிற சத்தம் மட்டும்தான்.

காலம் போயிற்று. மிராசுதார் செத்துப்போனார். பண்ணை கைமாறியது, காரியக்காரரும் ஊரைவிட்டுப் போனார். பாட்டு கூடாது என்று சொல்ல ஆள் இல்லை. அப்படி ஒரு நிபந்தனை இருந்ததே யாருக்கும் ஞாபகமில்லை.

ஒரு ஐப்பசி மாதம், இரண்டாம் போகத் தாளடி நடவு. வானத்தில் நீளக் கழுத்துப் பறவைகள் வரிசை கட்டிக் கோடியக்கரைப் பக்கமாகப் போயின. சிறகெல்லாம் ரோஸ் நிறம். பெரியம்மா இடுப்பில் கையை ஊன்றி நிமிர்ந்தாள்.

"ஏண்டி, எந்தத் தேசத்துலேருந்துடி வருதுங்க இதெல்லாம்?"

யாரும் தலையைத் தூக்கவில்லை. பக்கத்தில் நட்டுக்கொண்டிருந்த அவள் மருமகள் மலர்கொடிதான் பேசினாள். "எங்கேருந்து வந்தா நமக்கென்ன அத்தை? குனிஞ்சு நடுங்க, பொழுது போவுது."

மலர்கொடி கெட்டவள் இல்லை. அவள் வாழவந்த நாளிலிருந்தே வயல் அப்படித்தான் இருந்தது. பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கும் தெரியவில்லை. யாரைப் போய்க் கேட்கலாம் என்று யோசிக்கிற பழக்கமும் எனக்குப் போய்விட்டிருந்தது. "தெரியல பெரியம்மா" என்றேன்.

அவள் குனிந்து நாற்றை எடுத்தாள். அதற்கப்புறம் சாகும்வரை அவள் எதையும் கேட்கவில்லை.