பாய்மரத்தைப் பிடித்த போல்ட்டுகள்

போன ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா ஏரியில் படகு ஓட்டினேன். துடுப்புப் போட்டு அல்ல - பாய் விரித்து! இன்னும் கால் தரையில் பாவவில்லை.

கந்தப்பளையில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவனுக்குப் படகு ஏது என்று கேட்பீர்கள். எங்கள் துரை சீமைக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. இரண்டு பேர் உட்காரலாம்... நெருக்கினால் மூன்று. மரமல்ல, ஃபைபர்கிளாஸ்! மலையில் நான் பார்த்த முதல் ஃபைபர்கிளாஸ் இதுதான்.

அதற்கு முந்திய வாரம் தொழிற்சாலை முற்றத்தில் ஒத்திகை. நான், மனைவி கமலா, அவள் தம்பி செல்வராஜ். அவன் எங்கள் தொழிற்சாலை ஃபிட்டர். பாய்மரத்தை நிமிர்த்தி, அதை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகளைப் படகின் மேல்தளத்துக் கொக்கிகளில் மாட்டினோம்.

இடப்பக்கக் கொக்கி ஆடியது.

ஸ்க்ரூவை முறுக்கினால் போதும் என்றேன். செல்வராஜும் ஆமாம் போட்டு முறுக்கினான். கமலா மட்டும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியாது.

"சுத்திக்கிட்டே இருக்கே தவிர இறுகலையேங்க. அது எதைத்தான் புடிச்சிருக்கு?"

கழற்றினோம். ஸ்க்ரூ பிடிப்பதற்காகத் தளத்துக்கு அடியில் வைத்திருந்த மரத்துண்டு, மழைத்தண்ணீர் இறங்கி, ஊறிய ரொட்டி மாதிரி விரல் பட்டதும் உதிர்ந்தது. நடு ஏரியில் காற்று அடித்திருந்தால்? கொக்கி பிடுங்கிக்கொண்டு, பாய்மரம் எங்கள் தலையில்தான்!

ஆடுவதையெல்லாம் முறுக்கிவிட்டுப் போகிறோமே... அடியில் என்ன இருக்கிறதென்று எத்தனை பேர் பார்க்கிறோம்?

உளுத்ததைச் சுரண்டி எறிந்தோம். புதுப் பலகைத்துண்டு, அதற்கும் கீழே பித்தளைத் தகடு. ஸ்க்ரூவுக்குப் பதில் எல்லாவற்றையும் ஊடுருவிப் போகும் போல்ட். தண்ணீர் இறங்காமல் தார்.

ஆனால் அடியில் நட்டை யார் பிடிப்பது? செல்வராஜின் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது - திரும்பவில்லை. கமலா வளையல்களைக் கழற்றினாள். படகுக்குள் மல்லாந்து படுத்து, தோள்வரை கையை விட்டாள்.

"புடிச்சிட்டேன். சுத்து தம்பி."

செல்வராஜ் முறுக்க முறுக்க, போல்ட் கிறீச்சிட்டு நின்றது. கொக்கி ஆடவில்லை!

ஞாயிறன்று கமலாவைக் கரையிலேயே இருக்கச் சொன்னேன்.

"நட்டைப் புடிச்சது நானு. கரையில நிக்கிறதும் நானா?"

லாரி டியூப் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

நடு ஏரியில் இடப்பக்கமிருந்து வந்தது பாருங்கள் ஒரு காற்று... பாய் புடைத்தது. படகு சரிந்தது. கம்பி விண்ணென்று இறுகியது. மூன்று பேர் கண்ணும் அந்தக் கொக்கி மேல். இம்மிகூட அசையவில்லை! படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. செல்வராஜ் விடாமல் சிரித்தான். என் கண்ணில் தண்ணீர் - காற்று பட்டதால் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

கமலா டியூபை விட்டுவிட்டுச் சுக்கானைக் கேட்டாள். கொடுத்தேன். எங்கே போகலாம் என்றதற்கு, காற்று வரும் திசையைக் கைகாட்டினாள்.

"நேரா அங்க."

காற்றுக்கு நேர் எதிரே பாய்ப்படகு போகாது என்று நீங்கள் வேண்டுமானால் அவளிடம் சொல்லிப் பாருங்கள்!