எங்கள் வீட்டு வயிற்றுவலி

உயிரணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள உதவும் புரதம் ஒன்று இருக்கிறது. என் இருபது ஆண்டுகள் அதன் பின்னால்தான் போயின. அதற்கான மரபணுவில் பழுது இருந்தால், இரைப்பையின் உயிரணுக்கள் பிடியை விட்டு உதிர்ந்து பரவும். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய் அது. முன்பின் தெரியாத குடும்பங்களின் வம்சப் படங்களை மேசையில் விரித்து, நோய் வந்தவர்களின் கட்டங்களைக் கறுப்பாக்கியிருக்கிறேன். இதைப் பற்றி மேடை ஏறினால் வாய் ஓயாது.

எங்கள் வீட்டில் எல்லாருக்கும் 'கேஸ்ட்ரிக்' என்கிற வயிற்றுவலி. மெர்போக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அப்பா அதில்தான் போனார், பிறகு அத்தையும். நேரத்துக்குச் சாப்பிடாமல் பால்மரம் சீவப் போனால் வேறென்ன வரும் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன்.

புக்கிட் செலம்பாவில் எண்ணெய்ச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் அண்ணன் ஒருநாள் போனில் சொன்னார்: "கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நெறஞ்சு போவுதும்மா. கேஸ்ட்ரிக்தான் லா."

"நேரத்துக்குச் சாப்பிடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினேன்.

எட்டு மாதம் கழித்து, இரைப்பைப் புற்று அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டிய பிறகு, மருத்துவமனையில் அவர் பக்கத்தில் நின்றேன். அண்ணன் மகளும் இருந்தாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்று டாக்டர் கேட்டார்.

"அப்பாவுக்கு. அத்தைக்கு. அத்தை மவன் ஒருத்தனுக்கு."

அண்ணன் சொல்லச் சொல்ல என் தலைக்குள் கட்டங்கள் கறுத்துக்கொண்டே வந்தன. முட்டாளே, முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

டாக்டர் போனதும் சொல்லிவிட்டேன். "அண்ணே, நான் படிக்கிறதே இதைத்தான். நீங்க போன்ல சொன்னப்பவே எனக்குத் தோணியிருக்கணும்."

அவர் மகளைப் பார்த்தார். "புள்ளைக்கும் வருமா?" என்று மட்டும் கேட்டார்.

நானும் அவளும் மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். எனக்கு அந்தப் பழுது இல்லை, அவளுக்கு இருந்தது. நோய் தலைகாட்டுமுன் இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டால் தப்பித்துவிடுவாள். இருபத்து மூன்று வயதுப் பெண்ணிடம் அதை நான்தான் சொன்னேன். "அப்புறம் எப்படி அத்த சாப்பிடறது?" என்று அழுதாள்.

அண்ணன் அழவில்லை. "சீக்கிரம் செய்யச் சொல்லும்மா. நான் இருக்கும்போதே அவ எழுந்து நடக்கணும்."

நடந்தாள். காரிலிருந்து இறங்கி, வயிற்றைக் கையால் தாங்கியபடி, மெதுவாக வீட்டுக்குள் வந்தாள். அண்ணன் படுத்தபடியே கடைசி அடிவரை பார்த்தார். மூன்று வாரத்தில் போய்விட்டார்.

அதுவரை என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.