வாசலில் நாத்தனார்

எரிவதற்கென்றே செய்கிற சரக்கை, விற்றுத் தீரும்வரை எரியாமல் காப்பதுதான் பட்டாசுத் தொழில். சொந்தத் தொழில் செய்கிறவருக்கு வாழ்க்கைப்பட்ட சகோதரிகளே, உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்: சட்டம் என்று ஒன்று வந்தால்தான் நம் வீட்டுக்காரர்களுக்குக் கற்பனையே ஊறும். நாரணாபுரத்தில் எங்களுடையது சின்னக் கம்பெனி. ஒரு பொறி விழுந்தால் உள்ளே இருக்கிற பெண்களில் ஒருத்தியும் மிஞ்சமாட்டாள். அது தெரிந்தும் நடந்த கூத்துகள் இவை.

கொடை

வெடிமருந்து அடைக்கிற அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. அப்போதுதான் ஆபத்தென்றால் இடிபடாமல் வாசலைத் தாண்ட முடியும். சீசனில் எங்கள் அறையில் எட்டுப் பேர். அதிகாரியின் ஜீப் புழுதி கிளப்புவது தெரிந்ததும், பாதிப் பேர் பின்பக்கமாக வேப்பமரத்தடிக்கு ஓடி, மஞ்சள் பூசிய ஒரு கல்லின் முன்னால் நின்று குலவையிடுவார்கள். சாமியும் என் வீட்டுக்காரர் ஏற்பாடுதான். கல் போன சீசனில் வந்தது.

மூன்றாம் முறை வந்த அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடும் போட்டார். “சக்தியுள்ள அம்மன்தான் முதலாளி. நான் வர்ற நாளெல்லாம் கோயில் கொடை விழா நடக்குதே.”

மரத்தடி

நான் படித்த கான்வென்ட்டில் ஒரு பொய்க்கு அரைமணி நேரம் முழங்கால் போடவேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்தக் கல்வி வாய்க்கவில்லை. “எப்படியும் மரத்தடிக்குத்தானே ஓடுகிறார்கள், காலையிலிருந்தே அங்கே இருக்கட்டும்” என்றேன். மருந்து சேராத வேலையும் உண்டே: காகிதக் குழாய் சுற்றுவது, லேபிள் ஒட்டுவது. எட்டு நான்கானது. யாரும் ஓடவேண்டியதில்லை.

அடுத்த முறை ஜீப் வந்தபோது ஒருத்தியும் எழவில்லை. பழக்கதோஷத்தில் குலவை மட்டும் போட்டார்கள். அதில் ஒருத்தி என்னிடம் குறைப்பட்டாள்: “மருந்து நெடி இல்லாம நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா அந்த ஓட்டத்துல போன இடுப்புவலி திரும்ப வந்துட்டு.”

சோதனை

‘தீப்பெட்டி கொண்டுவரக் கூடாது’ என்று வாசலில் பலகை மாட்டியிருந்தோம். சுமை ஏற்றுகிற ஆண்கள் அதன் அடியிலேயே நின்று குச்சியை உரசினார்கள். காவல்காரரே பீடிக்காரர். ஆகவே அவரை மாற்றி, என் நாத்தனாரை உட்காரவைத்தேன். வீட்டுக்காரரின் அக்கா. நான் கல்யாணமாகி வந்த அன்றே என் டிரங்குப் பெட்டியைக் குடைந்து பார்த்தவர். அப்பேர்ப்பட்ட திறமை அடுப்படியில் வீணாகிக்கொண்டிருந்தது.

முதல் நாளே முறம் நிறையப் பீடியும் தீப்பெட்டியும் சேர்ந்தன. பத்து மணிக்கு என் வீட்டுக்காரர் வந்தார். சட்டைப்பையில் தீப்பெட்டி. “நான் முதலாளி, அக்கா” என்றார். நாத்தனார் முறத்தை நீட்டினார். “மருந்துக்கு நீ முதலாளின்னு தெரியுமாலே? எடுத்து இங்கன வை.”

சுருட்டு

எங்கள் தீபாவளிச் சரக்கு முழுவதையும் எடுப்பவர் விருதுநகர் மொத்த வியாபாரி ஒருவர். அவர் கைவிட்டால் கம்பெனியைப் பூட்டவேண்டியதுதான். வாயில் சுருட்டோடு காரை விட்டு இறங்கியவரை நாத்தனார் மறித்தார். “அணைச்சுட்டு, தீப்பெட்டியைக் குடுத்துட்டு வாங்க அண்ணாச்சி.” எந்த வாசலிலும் நின்று பழகாத மனிதர், காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் அன்று உலையே கொதிக்காத மாதிரி ஒரு முகம். மன்னிப்புக் கேட்டு, சுருட்டோடேயே அழைத்துவரக் கிளம்பினார் என் வீட்டுக்காரர். “தாராளமா கூட்டிட்டு வாங்க. மருந்து ரூமுக்குள்ளயே உக்காந்து பேசுங்க. பொம்பளைகளை மட்டும் முதல்ல வெளியே அனுப்பிடுறேன்” என்றேன். போட்ட சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

பாதி ஆர்டர் திருத்தங்கலில் வேறொரு கம்பெனிக்குப் போனது. அந்தச் சீசன் கையைக் கடித்தது. அங்கே சரக்கு பற்றாமல், மிச்சப் பாதி ஆர்டரோடு அண்ணாச்சியே திரும்பி வந்தார். வாசலில் சுருட்டை மணல் வாளியில் குத்தி அணைத்தார். கேட்குமுன்பே தீப்பெட்டியை முறத்தில் போட்டார். பிறகு என் வீட்டுக்காரரிடம் சொன்னார்: “சரக்கோட இந்த அக்காவையும் லோடுல ஏத்திவிடுங்க. நாங்க சரக்கு அடுக்குற கிட்டங்கியில பீடி குடிக்காதவன் நான் ஒருத்தன்தான். நான் சுருட்டு.”

சட்டத்துக்கும் சாமிக்கும் பயப்படாத முதலாளி வாய்த்தால், அவர் பயப்படுகிற ஒரே ஆளைக் கண்டுபிடித்துக் கம்பெனி வாசலில் உட்காரவையுங்கள். வீட்டுக்குள் பொறி பறப்பதும் குறையும்.