மூன்று முறை வந்த ட்யூப்லைட் புகார்

என் எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டேன். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது இன்றுவரை எனக்குக் குழப்பம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

தில்லியில் மோதி பாக் பக்கம் ஒரு அரசாங்கக் குடியிருப்பில் ஒப்பந்த வயர்மேனாக இருக்கிறேன். புகார்ச் சீட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். புதிய கட்டடங்களில் எல்லாம் எல்இடி வந்துவிட்டது. பழைய கட்டடங்களில் இன்னும் சோக்கும் ஸ்டார்ட்டரும்தான்.

ட்யூப்லைட் எரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் மூன்றில் ஒன்று. இரண்டு முனையும் சிவந்து நடுவில் வெளிச்சம் வராவிட்டால் ஸ்டார்ட்டர். முனைகள் கறுத்திருந்தால் ட்யூப். எதை மாற்றியும் எரியாவிட்டால் சோக். இதற்கு யாரிடமும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. எனக்கு இந்த வேலை ஒத்துப்போவதற்கு அதுவும் ஒரு காரணம். புது மனிதர்களிடம் பேச எனக்கு வராது.

போன குளிர்காலத்தில் இரண்டாம் மாடி வீடு ஒன்றிலிருந்து சமையலறை ட்யூப்லைட் விட்டு விட்டு எரிகிறது என்று புகார் வந்தது. வாசலில் கோலம் ஸ்டிக்கர், உள்ளே தமிழ்த் தினசரி காலண்டர். கதவைத் திறந்த அம்மாள், “ஆயியே பையா, கிச்சன் மே ஹை” என்று இந்தியில் சமையலறைக்கு வழி காட்டினார். நான் “ஜி” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அங்கேயே தமிழில் பேசியிருக்க வேண்டும். ஸ்டூலில் ஏறுவதற்குள் நேரம் கடந்துவிட்டது.

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கணவர், “யாரு வந்திருக்கறது?” என்று கேட்டார்.

“எலக்ட்ரீஷியன். வாயே தொறக்க மாட்டேங்கறான். முழிக்கறதப் பார்த்தா வேலை தெரியுமான்னே சந்தேகமா இருக்கு.”

அதற்குப் பிறகு நான் தமிழன் என்று சொன்னால், அம்மாள் சொன்னதைக் கேட்டுவிட்டேன் என்றும் சொன்னதாக ஆகும். பேசாமல் ஸ்டார்ட்டரை மாற்றினேன். எரிந்தது. வந்துவிட்டேன்.

நாலு நாளில் அதே புகார் மறுபடி வந்தது. பதினோரு மணிக்குப் போனேன். “அதே முழியாண்டான்தான் வந்திருக்கான்” என்று அம்மாள் உள்ளே குரல் கொடுத்தார். ட்யூபையும் சோக்கையும் மாற்றினேன். எரிந்தது. சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது.

“இட்லி மிஞ்சியிருக்கு, ரெண்டு குடுக்கட்டுமா?”

“அவங்கல்லாம் இதத் திங்க மாட்டாங்க. பிஸ்கட் குடு.”

பிஸ்கட்டைத் தின்றேன்.

மூன்றாவது சீட்டில், காலையில்தான் இப்படி ஆகிறது என்று இங்கிலீஷில் எழுதியிருந்ததாம். அலுவலகத்தில் படித்துச் சொன்னார்கள். அதனால் எட்டு மணிக்கே போனேன். ஸ்டூலில் ஏறி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக எரிந்துகொண்டிருந்த விளக்கு, குளியலறையில் கணவர் கீசர் ஸ்விட்ச் போட்ட சத்தம் கேட்டதும் மங்கி, அணைந்து, மறுபடி எரிய முயன்றது.

அம்மாள் கீழே நின்று, குளியலறையிலிருந்து வந்த கணவரிடம் சொன்னார். “ஏங்க, கீசர் போட்டாத்தான் இது கண்ணடிக்குது. இவன்கிட்ட சொல்லிரலாமா?”

“சும்மா இரு. அலமாரிக்குப் பின்னால உங்க அண்ணன் லைட் வயர்லேருந்து கீசருக்கு இழுத்திருக்காரு பாரு, அதப் பார்த்தான்னா எழுதிருவான். நான் ரிடையராகி வீட்ட ஒப்படைக்க மூணு மாசம்தான் இருக்கு. சர்டிபிகேட்டே தர மாட்டாங்க.”

விஷயம் விளங்கிவிட்டது. ஒல்லியான லைட் வயரில் கீசரை மாட்டினால் ட்யூபுக்குப் போதுமான கரண்ட் வராது. நான் மாற்றிய ஸ்டார்ட்டர், ட்யூப், சோக் எதிலும் குறையில்லை. ஆனால் என் யோசனை விளக்கைப் பற்றி இல்லை. அப்படி இழுக்கிறவர்கள் முறுக்கி டேப் சுற்றுகிற ஜாயின்ட் தினமும் சூடேறும். அதை ஒட்டி மர அலமாரி. அலமாரி நிறையத் துணி.

இறங்கி வந்து இந்தியில், கீசர் எந்த லைனில் ஓடுகிறது என்று கேட்டேன். கீசர் பழுது, ஓடுவதே இல்லை என்று கணவரும் இந்தியில் சொன்னார். குளியலறைக் கதவுக்கு மேலே கீசரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தோம். பிறகு நான் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

முதல் மாடிப் படியில் நின்றுவிட்டேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. கீழ்வீட்டுக்காரர் பால் வாங்கப் போய்விட்டுத் திரும்பி வந்தார். அப்போதும் அங்கேதான் நின்றிருந்தேன். எந்தச் சொல்லில் ஆரம்பிப்பது என்று பிடிபடவில்லை. மேலே ஏறி மணியை அடித்தேன். அம்மாள் திறந்தார்.

“அம்மா, கீசர அணைச்சிருங்க. அலமாரிய நகத்தணும். பத்திக்கும்.”

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். கணவர் பேப்பரோடு எழுந்து வந்தார்.

“நீங்க தமிழா?”

“ஆமாங்க.”

“மொதல்லேருந்தா?”

“பொறந்ததுலேருந்து.”

“எந்த ஊரு?”

“திண்டிவனம் பக்கம்.”

அம்மாளின் உதடு அசைந்தது. நான் வந்த நாட்களில் பேசியதை எல்லாம் எண்ணிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. “ஏதாவது தப்பா சொல்லியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க” என்றார்.

“நான் கவனிக்கலம்மா” என்றேன். யாரும் நம்பவில்லை.

மூன்று பேருமாக அலமாரியை நகர்த்தினோம். டேப் உருகி வழிந்து சுவரில் ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு கறுத்திருந்தது. அலமாரியின் பின்பலகை உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அம்மாள் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, உள்ளே அந்தப் பக்கம்தான் பெண்ணின் கல்யாணப் புடவைகள் இருக்கின்றன என்றார். கணவர் கட்டிலில் உட்கார்ந்தார்.

கீசர் வயரை வெட்டி எடுத்தேன். லைட் வயரில் கருகிய துண்டை நீக்கிப் புதுத் துண்டு போட்டேன். இனி அதில் கீசரை மாட்டக் கூடாது, வெந்நீர் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். விளக்கு நின்று எரிந்தது.

“சீட்டுல என்ன எழுதப் போறீங்க?” என்று கணவர் கேட்டார். அவர் குரல் முன்பு போல இல்லை.

எனக்கு எழுத அதிகம் தெரியாது, அதனால் அதிகம் எழுத மாட்டேன் என்றேன். ‘ஜாயின்ட் லூஸ், சரி செய்தது’ என்று இங்கே வந்து பழகிய இந்தி எழுத்தில் எழுதினேன். அது உண்மைதான். யார் போட்ட ஜாயின்ட் என்று எழுத அந்தச் சீட்டில் கட்டம் கிடையாது.

மார்ச் மாதம் வீட்டை ஒப்படைக்கும்போது சோதனைக்கு வந்தவர் ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு கூட நின்றேன்.

அதற்கு முன்பு ஒரு தடவை ஃபேன் ரெகுலேட்டர் புகாருக்காக அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். இருவரும் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள், ஊர் நிலவரம் விசாரித்தார்கள். பிறகு ரெகுலேட்டரைக் கழற்ற நான் திரும்பியதும் தங்களுக்குள் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். அந்த மொழி எனக்குத் தெரியாது. நிம்மதியாக வேலை பார்த்தேன்.

8 டிசம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை.